ஜஹாங்கீரின் தர்பாரில் பரிசுக்கு விலை போட்டது யார்?

கேள்வி கேட்டவர் சுருக்கமாக இப்படிக் கேட்டிருக்கிறார்: ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோ ஓவியங்களையும் சாரட்டு வண்டியையும் கொடுத்து முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரிடம் வணிக உரிமை வாங்கினார் என்று படித்தேன், ஆனால் அதே ஜஹாங்கீரின் புகழ்பெற்ற ஓவியம் ஒன்றில் இங்கிலாந்து அரசர் ஓரமாக நிற்கிறாரே, அப்படியானால் அந்தப் பரிசுகள் லஞ்சமா, மரியாதையா, விளையாட்டுச் சாமானா? இதில் மூன்று கேள்விகள் இருப்பதுபோல் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். ஒரு பரிசின் மதிப்பை அந்த தர்பாரில் யார், எதை வைத்து அளந்தார்கள்? அதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாகவே தெளிந்துவிடும்.

நான் கல்லூரியில் வரலாறு நடத்தியவன். முகலாயச் சிற்றோவியங்கள் எனக்குப் பாடமாகவும் பித்தாகவும் இருந்தவை. பாரசீகம் எனக்கு நேரடியாகப் படிக்க வராது. ஜஹாங்கீர் தன் கைப்பட எழுதிய ஜஹாங்கீர்நாமாவை மொழிபெயர்ப்பில்தான் படித்திருக்கிறேன். ரோவின் நாட்குறிப்பையும் கடிதங்களையும் அவருடைய ஆங்கிலத்திலேயே படித்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் எந்தத் தகவல் யார் வாயிலிருந்து வருகிறது என்பது ரொம்ப முக்கியம்.

முதலில் "வணிக உரிமை வாங்கினார்" என்பதைத் தள்ளிவிடலாம். ரோ 1615 செப்டம்பரில் சூரத்தில் இறங்கினார். அவர் முதலாம் ஜேம்ஸ் அரசரின் தூதர்தான், ஆனால் செலவு முழுக்கக் கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. 1616 ஜனவரியில் அஜ்மீரில் ஜஹாங்கீரை முதன்முதலாகச் சந்தித்தார். அவர் கேட்டது இரண்டு அரசர்களுக்கு இடையிலான முறையான ஒப்பந்தம். மூன்று ஆண்டுகள் தர்பாரின் பின்னாலேயே அலைந்தும் அது கிடைக்கவில்லை. குஜராத்தின் பொறுப்பிலிருந்த இளவரசர் குர்ரமிடமிருந்து, பிற்காலத்து ஷாஜஹான்தான், 1618-இல் ஒரு வரையறுக்கப்பட்ட பர்மான், அதாவது அரசாணை, மட்டும் கிடைத்தது. 1619 பிப்ரவரியில் கப்பலேறிவிட்டார். சூரத்தில் ஆங்கிலேயர் கால் ஊன்றியது ரோ வருவதற்கு முன்பே நடந்துவிட்டது. அதற்குக் காரணம் பரிசு இல்லை, பீரங்கி. 1612-இல் சூரத்துக்குப் பக்கத்தில் சுவாலியில் அவர்கள் போர்த்துகீசியரைக் கடலில் சமாளித்துக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே ஜஹாங்கீரின் தாயாருக்குச் சொந்தமான ரஹீமி என்ற கப்பலைப் போர்த்துகீசியர் பிடித்துவைத்துக்கொண்டார்கள். போர்த்துகீசியரைத் தட்டிக் கேட்க இன்னொரு வெள்ளைக்காரன் கடலில் இருக்கட்டுமே என்று முகலாயர் நினைத்ததில் வியப்பில்லை.

சரி, பரிசுக்கு வருவோம். ரோ கொண்டுவந்தவற்றில் பெரிய சாமான் ஒரு சாரட்டு. அதை ஓட்டவும் ஒரு ஆளைக் கூடவே அழைத்துவந்தார்கள். உள்ளே சீனத்துச் சிவப்பு வெல்வெட்டு, பித்தளை ஆணிகள். ஜஹாங்கீர் வண்டியைப் பார்த்தார், ரசித்தார், அப்புறம் செய்த காரியம்தான் சுவையானது. வெல்வெட்டை எடுத்துவிட்டு விலையுயர்ந்த சரிகைத் துணி போடச் சொன்னார். பித்தளை ஆணிகளைப் பிடுங்கி வெள்ளி ஆணி அடிக்கச் சொன்னார். அதே மாதிரியில் இன்னொரு வண்டியைத் தன் ஆட்களை வைத்தே செய்வித்தார். 1616 நவம்பரில் அஜ்மீரை விட்டுப் புறப்பட்டபோது அவர் ஏறியது தன் ஆட்கள் செய்த வண்டியில். சீர்செய்த ஆங்கில வண்டி அரசி நூர்ஜஹானுக்குப் போயிற்று. பரிசை அவர் உதறவில்லை, அப்படியே வைத்துக்கொள்ளவும் இல்லை. கம்பெனிக்காரன் கொடுத்ததைப் பாதுஷாவுக்கு ஏற்றதாக மாற்றிய பிறகே தன்னுடையதாக்கிக்கொண்டார்.

ரோ தன் சொந்த வாளையும் சரிகை வேலை செய்த கச்சை ஒன்றையும் கொடுத்தபோது நடந்தது நேர்மாறு. அன்றிரவே ஜஹாங்கீர் ஆளனுப்பி, ஆங்கிலேயர் பாணியில் அதைக் கட்டிவிட ஒருவரை வரவழைத்தார். கட்டிக்கொண்டு, வாளை உருவிச் சுழற்றியபடி மேலும் கீழும் நடந்தாராம். ஆனால் அதே மனிதர், பக்கத்திலிருந்த யேசு சபைப் பாதிரியாரிடம், இவ்வளவு குறைந்த விலைப் பொருள்களை அனுப்பும் இங்கிலாந்து அரசர் உண்மையிலேயே பெரிய அரசர்தானா என்றும் கேட்டார். அவர் எதிர்பார்த்தது மணிகள், ரத்தினங்கள். இதை ரோவே, மனம் நொந்து, கம்பெனிக்கு எழுதுகிறார்.

இரண்டும் எப்படி ஒரே மனிதரிடம்? நம் ஊர்க் கல்யாண வீட்டு மொய் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தாய்மாமன் எழுதும் தொகைக்கு ஒரு பொருள், பக்கத்துக் கடைக்காரர் எழுதும் தொகைக்கு வேறு பொருள். தொகையை மட்டும் பார்த்தால் நோட்டு புரியாது, தொகையைப் பார்க்காமலும் புரியாது. முகலாய தர்பாரில் கீழிருந்து மேலே போவது பேஷ்கஷ் என்னும் காணிக்கை. மேலிருந்து கீழே வருவது கிலத் என்னும் ஆடை, யானை, குதிரை, பதவி. இணையான அரசர்களுக்கு இடையில் போவது அண்ணன் தம்பிப் பரிசு. ரோ மூன்றாவது வகையில் சேரத் துடித்தார். அவர் கையில் இருந்த சாமானோ முதல் வகைக்கே மெலிந்தது.

அண்ணன் தம்பிப் பரிசு எப்படி இருக்கும் என்பதை 1616 அக்டோபரில் ரோ தன் கண்ணாலேயே பார்த்தார். பாரசீகத்து ஷா அப்பாஸின் தூதர் முகம்மது ரிசா பேக் வந்து சேர்ந்தார். அரபு, பாரசீகக் குதிரைகள் 27, கோவேறு கழுதைகள் 9, வெல்வெட்டு ஏற்றிய ஒட்டகங்கள் 7, பட்டுக் கம்பளங்கள், ஒட்டகம் ஒட்டகமாகத் திராட்சை ரசமும் பன்னீரும், கல் பதித்த குறுவாள்கள், கடிகாரங்கள். அதோடு வெனிஸ் நகரத்துக் கண்ணாடிகள் ஏழு. அந்தக் கண்ணாடிகளின் அழகைச் சொல்லிக் கேட்டபோதே தனக்கு வெட்கமாக இருந்தது என்று ரோ எழுதுகிறார். ஐரோப்பியச் சரக்கிலேயே ஐரோப்பியனைத் தோற்கடித்துவிட்டார் பாரசீகர்.

இப்போது ஓவியம். மற்ற எல்லாவற்றிலும் அடி வாங்கிய ரோ, இந்த ஒரு துறையில் மட்டும் ஜஹாங்கீரைத் தன்னோடு சரிசமமாகப் பேச வைத்தார். ரோவிடம் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பெண்ணின் உருவப்படம் இருந்தது. ஆங்கில ஓவியர் ஐசக் ஆலிவர் வரைந்தது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஜஹாங்கீர் அதை வாங்கிப் பார்த்தார். என் ஓவியன் இதைப் படியெடுத்தால் எது உன்னுடையது என்று உனக்கே தெரியாது என்றார். முடியாது என்றார் ரோ. பந்தயம் வரை போயிற்று. 1616 ஆகஸ்டில் ஓர் இரவு ரோவை வரச் சொன்னார்கள். ஒரே பலகையில் ஆறு படங்கள். ஐந்து படிகள், ஒன்று மூலம். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பார்க்கச் சொன்னார்கள், அதில் கொஞ்சம் குறும்பு இருக்கத்தான் செய்தது. கடைசியில் ரோ தன் படத்தைச் சரியாக எடுத்துவிட்டார், ஆனால் தடுமாறிப்போனதை ஒப்புக்கொள்கிறார். ஜஹாங்கீருக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. படிகளில் ஒன்றை எடுத்துக்கொள், நாங்கள் நீங்கள் நினைக்கிற அளவுக்குக் கலை தெரியாதவர்கள் இல்லை என்று உன் ஊரில் காட்டு என்றார்.

இந்தக் காட்சியைப் பலர் கிழக்கும் மேற்கும் கலையில் கைகுலுக்கிய கதையாக எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாரட்டுக்கு நடந்ததேதான் படத்துக்கும் நடந்தது: வந்த பொருளை என் பட்டறையாலும் செய்ய முடியும் என்று நிறுவுவது. ஐரோப்பியப் படங்கள் அந்த ஓவியக்கூடத்துக்குப் புதிதும் இல்லை. ரோவுக்கு 36 ஆண்டுகள் முன்பே, 1580-இல், கோவாவிலிருந்து பதேபூர் சிக்ரிக்கு வந்த யேசு சபையினர் ஆண்ட்வெர்ப் நகரில் அச்சான பன்மொழி விவிலியத்தின் தொகுதிகளை அக்பருக்குக் கொடுத்திருந்தார்கள். அக்பர் அவற்றை முத்தமிட்டுத் தலையில் வைத்துக்கொண்டார் என்று அவர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்தப் புத்தகங்களின் முகப்புச் செதுக்குப் படங்களையும் மாதா படங்களையும் படியெடுத்தே ஒரு தலைமுறை ஓவியர்கள் கை பழகியிருந்தார்கள். மேகத்தில் பறக்கும் குழந்தைத் தேவதைகள், பூமியுருண்டை, மணற்கடிகாரம் எல்லாம் அங்கிருந்து வந்தவைதான்.

ரோவுக்கு ஜஹாங்கீர் திருப்பிக் கொடுத்ததையும் பார்க்க வேண்டும். அதே ஆகஸ்டில், தன் உருவம் பதித்த சிறு படத்தைத் தங்கச் சட்டத்தில் அடைத்து, மெல்லிய தங்கச் சங்கிலியில் கோத்து, கீழே ஒரு முத்துத் தொங்கக் கொடுத்தார். ரோ உடனே கணக்குப் போட்டார்: எல்லாம் சேர்த்து முப்பது பவுண்டு பெறாது, முத்தும் மட்டமான முத்து. அடுத்த வரியிலேயே இன்னொன்றையும் எழுதுகிறார். இது இந்த வகையில் அவர் மற்றவர்களுக்குக் கொடுப்பதைவிட ஐந்து மடங்கு மேல். பெரிய பிரபுக்களுக்கே ஆறு பென்னிக் காசு அளவில் ஒரு தங்க வில்லையும் அதைத் தலைப்பாகையில் மாட்ட நாலு அங்குலச் சங்கிலியும்தான். பாதுஷா கொடுக்காமல் யாரும் அதை அணியக்கூடாது. ஆக, அது பெரிய கௌரவம் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. யாருக்கான கௌரவம் என்பதில்தான் சிக்கல். பேரரசரின் உருவத்தை அணிபவர்கள் அவருக்கு முரீது, அதாவது சீடர் முறையில் கட்டுப்பட்டவர்கள். ரோவையும் அந்த வட்டத்துக்குள் இழுத்துவிட்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் சிலர் வாதிடுகிறார்கள். படத்தைக் கொடுத்தபோது தரையில் விழுந்து வணங்கச் சொன்னார்கள், ரோ மறுத்துத் தன் நாட்டு முறையில் வணங்கினார். இது வரை உறுதி. ஜஹாங்கீர் மனதில் அவர் சீடராகவே பதிவானாரா என்பது ஊகம். எனக்கு அந்த ஊகம் பிடித்திருக்கிறது, ஆனால் நிரூபணம் என்று சொல்ல மாட்டேன்.

குர்ரமும் தான் ஓரிரு முறை உடுத்திய தங்கச் சரிகை மேலாடை ஒன்றை ரோவின் தோளில் போடச் செய்தார். அரசகுலத்தார் உடம்பில் பட்ட துணி என்பதால் அது அந்த தர்பாரில் மிக உயர்ந்த மரியாதை. ரோவோ, மேடையில் தைமூர் வேடம் கட்டுகிறவனுக்குப் பொருத்தமாக இருக்கும் என்று நாட்குறிப்பில் கிண்டல் செய்தார். தைமூர் வழி வந்தவர்கள் என்பதைவிட முகலாயருக்குப் பெருமை வேறில்லை. கிண்டலுக்கும் சரியான பெயர்தான் வாயில் வந்திருக்கிறது!

நீங்கள் குறிப்பிட்ட ஓவியம் இப்போது வாஷிங்டனில் ஃபிரீயர் கூடத்தில் இருக்கிறது. வரைந்தவர் பிசித்திர். காலம் ஏறத்தாழ 1615-க்கும் 1618-க்கும் இடைப்பட்டது. ஜஹாங்கீர் மணற்கடிகாரத்தின் மேல் அமர்ந்திருக்கிறார், தலைக்குப் பின்னால் சூரியனும் சந்திரனும் சேர்ந்த பெரிய ஒளிவட்டம். எதிரில் வெள்ளைத் தாடி சூஃபி ஒருவர், அஜ்மீர் தர்காவின் ஷேக் ஹுசைன் என்று அடையாளம் சொல்கிறார்கள். அவருக்குக் கீழே ஓட்டோமான் சுல்தான், அவருக்கும் கீழே ஜேம்ஸ், கடைசியில் மூலையில் மஞ்சள் உடையில் பிசித்திரே. இதைப் பெரிதாக்கிப் பார்க்க வசதி இருந்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, ஜஹாங்கீர் நீட்டும் புத்தகத்தை ஷேக் கையால் தொடவில்லை, மேல்துண்டை விரித்து அதில் வாங்கிக்கொள்கிறார். இன்னொன்று, பிசித்திர் கையில் ஒரு குட்டி ஓவியம். அதில் இரண்டு குதிரைகள், ஒரு யானை, குனிந்து வணங்கும் ஓர் ஆள். பாதுஷாவிடம் தான் பெற்ற வெகுமதிகளை அவர் வரைந்துகொண்டார் என்பது பொதுவான விளக்கம்.

இந்த ஓவியத்தின் பொருளே பரிசுதான். எதுவும் வேண்டாதவருக்குப் பாதுஷா தன் கையால் கொடுக்கிறார், கொடுக்க வந்த அரசர்கள் காத்து நிற்கிறார்கள். ஓரத்தில் எழுதியிருக்கும் பாரசீக வரிகளும் அதைத்தான் சொல்கின்றன: வெளிப்பார்வைக்கு அரசர்கள் முன்னால் நின்றாலும் அவர் பார்வை எப்போதும் தர்வேஷ்கள் என்னும் சூஃபித் துறவிகள் மீதே. ஜேம்ஸின் முகமும் உடையும் ஆங்கில அரசவை ஓவியர் ஜான் டி கிரிட்ஸ் வரைந்த வகை உருவப்படத்திலிருந்து வந்தவை என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அதைக் கொண்டுவந்தவர் ரோதான் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். அது நிகழ்தகவு, உறுதி இல்லை. ரோவுக்குச் சற்று முன்பு வந்த கம்பெனி ஆள் வில்லியம் எட்வர்ட்ஸும் அரச குடும்பப் படங்களைக் கொண்டுவந்திருந்தார். சுல்தான் உருவமோ குறிப்பிட்ட எந்த சுல்தானின் சாயலும் இல்லாத பொது முகம். யார் கொடுத்திருந்தாலும் சரி, கௌரவமாக மாட்டிவைக்க வந்த ஓர் அரசரின் படம் பாதுஷாவின் புகழ் பாடும் ஓவியத்துக்குள் துணைப் பாத்திரமாகிவிட்டது. சாரட்டின் வெல்வெட்டுக்கு நேர்ந்த கதிதான் ஜேம்ஸுக்கும்.

ஓவியப் பரிசு கையை மீறிப் போவதும் உண்டு. அடுத்து வந்த கப்பல் சரக்கில் ஒரு படம்: ஆட்டுக் கொம்பும் கருத்த மேனியுமான சாட்டிர் என்ற கிரேக்கக் காட்டு உருவத்தின் மூக்கைப் பிடித்துக் காதல் தெய்வமான வீனஸ் இழுத்துப் போகிறாள். ஜஹாங்கீர் அதைச் சபையில் சுற்றிக் காட்டி, கொம்பு எதற்கு, தோல் ஏன் கருப்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ரோ, அது ஓவியனின் கற்பனை என்று மழுப்பினார். வெள்ளைக்காரி ஒருத்தி ஆசியாக்காரனை மூக்கைப் பிடித்து இழுக்கிறாள் என்று பாதுஷா அர்த்தம் எடுத்துக்கொண்டார் போலும் என்று பின்னர் எழுதினார். ஜஹாங்கீர் கோபத்தைக் காட்டவில்லை. படத்தைச் சுருட்டி, இதையும் உன் பரிசாக வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். அதற்கு முன்போ பின்போ, படம் அனுப்புவதானால் பெரிதாக, துணியில், பல முகங்கள் உள்ள கதைக் காட்சியாக, தரமாக அனுப்புங்கள் என்று ரோ கம்பெனிக்கு எழுதியிருக்கிறார். ஆள் கற்றுக்கொண்டுதான் இருந்தார்.

இப்போது ஒரு விஷயம். மேலே சொன்ன பெரும்பாலானவை ரோவின் எழுத்திலிருந்து வந்தவை. ஜஹாங்கீர்நாமாவில் ரோவின் பெயரே இல்லை. வான்கோழியைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதிய மனிதர், தன்னோடு மூன்று ஆண்டுகள் இருந்த தூதரைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அவர் எழுதியது பாரசீகத்தைப் பற்றி. 1613-இல் கான் ஆலம் என்பவரை ஷா அப்பாஸிடம் தூதனுப்பியபோது பிஷன்தாஸ் என்ற ஓவியரையும் கூட அனுப்பினார், ஷாவையும் அவருடைய பிரபுக்களையும் நேரில் பார்த்து வரைந்துவர. தூதுக்குழு 1620-இல் திரும்பியதும் அந்தப் படத்தை ஷாவின் ஆட்களிடமே காட்டிச் சாயல் சரிதானா என்று சோதித்தார், சரி என்றார்கள், பிஷன்தாஸுக்கு ஒரு யானை கிடைத்தது. கான் ஆலம் கொண்டுவந்தவற்றில் தைமூர் தோக்தமிஷ் என்ற மங்கோலிய அரசனோடு செய்த போரின் ஓவியம் ஒன்று, 240 உருவங்கள் கொண்டது. பாரசீக அரச நூலகத்திலிருந்து நூலகர் திருடி விற்றதை இஸ்பஹானில் இவர் வாங்கியிருந்தார். ஷா அப்பாஸ் கேள்விப்பட்டு, பார்க்கத் தாருங்கள் என்று கேட்டார். கான் ஆலம் நழுவப் பார்த்தார், முடியவில்லை. ஷா பார்த்ததும் தன் வீட்டுப் பொருள் என்று அடையாளம் கண்டுகொண்டார். ஆனால் ஜஹாங்கீருக்கு இதில் எவ்வளவு ஆசை இருக்கும் என்று தெரிந்ததால், விஷயத்தைச் சொல்லி, படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்குத் தெரிந்து அந்தக் காலத்தின் நேர்த்தியான பரிசு இதுதான். திருட்டுப் பொருளையே பெருந்தன்மையாக்கினார். அதுவும் தைமூர் படம், தைமூர் வம்சத்துக்கு!

அதனால் இருவரும் உண்மையான நண்பர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். 1618 வாக்கில் அபுல் ஹசன் வரைந்த கனவு ஓவியத்தில், நேரில் சந்தித்தே இராத இருவரும் பூமியுருண்டை மேல் கட்டித் தழுவுகிறார்கள். ஜஹாங்கீரின் சிங்கம் பாரசீக நிலத்தின் மேல் சாவகாசமாகப் படுத்து, ஷாவின் ஆட்டை மத்தியதரைக் கடல் பக்கம் தள்ளுகிறது. 1622-இல் ஷா அப்பாஸ் முகலாயர் வசமிருந்த காந்தகாரைப் பிடித்துக்கொண்டார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அபிசீனியாவிலிருந்து வந்த ஒரு வரிக்குதிரையை ஜஹாங்கீர் அந்தச் "சகோதரருக்கு" அனுப்பும் பரிசுகளில் சேர்த்திருந்தார். யாரோ வரி தீட்டிவிட்டார்கள் என்று சிலர் சந்தேகப்பட, சோதித்துப் பார்த்த பிறகே நம்பினார்கள். விலங்கைக் கொடுக்க முடிவானாலும் தன் ஓவியர் மன்சூரை வைத்து அதை வரைந்துகொண்டு, படத்தில் தன் கையெழுத்தில் குறிப்பும் எழுதி வைத்தார். அந்தப் படம் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

லஞ்சமா என்ற கேள்விக்கு: லஞ்சம் தனியாக நடந்துகொண்டுதான் இருந்தது, சூரத் துறைமுக அதிகாரிகளிடம், சுங்கத்தில். அதைக் கம்பெனிக்காரர்கள் புலம்பிப் புலம்பி எழுதியிருக்கிறார்கள். தர்பார்ப் பரிசு அந்த வகையில் சேராது. அது எல்லார் முன்னிலையிலும் கொடுக்கப்பட்டு, பார்க்கப்பட்டு, மதிப்பிடப்பட்டது. ஒளித்துக் கொடுத்தால் அதற்குப் பயனே இல்லை. முகலாயப் படங்கள் இந்த வழியில் இங்கிலாந்துக்குப் போயினவா என்று அடுத்து நீங்கள் கேட்கக்கூடும். கேண்டர்பரி பேராயர் வில்லியம் லாட் 1640-இல் ஆக்ஸ்போர்டு பாட்லியன் நூலகத்துக்கு ஒரு ராகமாலா ஓவியத் தொகுப்பை, அதாவது ராகங்களை உருவமாக வரைந்த படங்களை, கொடுத்தார், அது இன்றும் அங்கே இருக்கிறது. ரோவுக்கும் லாடுக்கும் பழக்கம் உண்டு என்பதை வைத்து ரோவே கொண்டுபோனார் என்று சொல்வோர் இருக்கிறார்கள். பழக்கம் என்பதைத் தாண்டி அவர்கள் காட்டும் ஆதாரம் வலுவானதாக எனக்குப் படவில்லை.